உபகாரச் சம்பளமும் ஒரு கேள்வியும்



என் இளமைக் காலத்தில், வசதியற்ற மாணவன் ஒருவனுடைய படிப்புச் செலவுக்காக அரசாங்கமோ அறநிலையமோ அளிக்கும் தொகையை 'உபகாரச் சம்பளம்' என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பின்னர் அச்சொல் தேய்ந்து, 'கல்வி உதவித்தொகை' என்பது வழக்கில் வந்துவிட்டது. உபகாரம் என்றாலும் உதவி என்றாலும் பொருள் ஒன்றுதான். ஒருவர் கொடுக்கிறார், மற்றொருவர் பெற்றுக்கொள்கிறார். கொடுக்கிறவருக்கு, இன்னாருக்குக் கொடுக்கலாம், இன்ன படிப்புக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. கண் தெரியாதவரும், காது கேளாதவரும், கை கால் இயங்காதவரும் கணிதமும் இயந்திரவியலும் கணினியியலும் கற்க விரும்பி வந்தபோது, அந்த அதிகாரம் அவர்களை எவ்வாறு நடத்தியது என்பதே நான் இன்று சொல்லப் புகும் வரலாறு. இதில் அரசர்களும் போர்க்களங்களும் மிகுதியாக வரமாட்டார்கள். ஆயினும் இதுவும் வரலாறே.

1784ஆம் ஆண்டில் தொடங்குவோம். பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில், வாலன்தேன் அயுயி என்னும் அறிஞர், மாதாகோயில் வாயிலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பார்வையற்ற இளைஞன் ஒருவனைக் கண்டார். அவன் பெயர் பிரான்சுவா லெசியூர். விரலால் தடவி உணரும்படி எழுத்துகளை மேடாகச் செய்து அவனுக்கு வாசிக்கக் கற்பிக்கலாம் என்பது அயுயியின் எண்ணம். ஆனால் அவன் தயங்கினான். அவன் பிச்சையெடுத்துக் கொண்டுவரும் காசில்தான் அவனுடைய குடும்பத்தின் வயிறு நிறைந்துவந்தது. படிக்க உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போய்விடுமே! அயுயி ஓர் ஏற்பாடு செய்தார். பிச்சையில் அவன் இழக்கும் தொகையைத் தாமே கொடுத்து அவனைப் படிக்க வைத்தார். பார்வையற்ற மாணவர் கல்விக்கென்று கொடுக்கப்பட்ட உதவித்தொகைகளின் வரிசையில் இதனையே நான் முதலில் வைப்பேன். கல்விக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்துவிட மாட்டான். அவன் வராவிட்டால் வீட்டுக்குக் கிடைத்திருக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த நுட்பத்தை அயுயி கண்டுகொண்டார். மறு ஆண்டு அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அப்பள்ளிக்குத்தான் 1819ஆம் ஆண்டு பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உதவித்தொகை பெற்று வந்து சேர்ந்தான். அவன் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்றாம் வயதில், தந்தையின் தொழிற்கூடத்தில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பாய, நாளடைவில் இரு கண்களும் போயின. அவன் பெயர் லூயி பிரெயில். அவன் பதினைந்து வயதிலேயே ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகளை அமைக்கும் முறையை வகுத்துவிட்டான் என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். பாடநூல் பெரும்பாலும் சொல்லாத செய்தி வேறு ஒன்று உண்டு. அவன் பயின்று, பிறகு ஆசிரியராகவும் இருந்த அதே பள்ளி, அவன் வகுத்த முறையைத் தன் முறையாக ஏற்றுக்கொண்டது 1854ஆம் ஆண்டில். பிரெயில் இறந்ததோ 1852ஆம் ஆண்டில். உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தவர்கள், படித்தவன் கண்டுபிடித்ததை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்! கண்ணுள்ள ஆசிரியர்களுக்குப் புள்ளிகள் புரியவில்லை. அவர்களுக்குப் புரியும் மேட்டெழுத்தே போதும் என்று பலர் எண்ணினார்கள்.

பிரெயிலுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பார்வையற்ற ஒருவர் கணிதத்தில் ஓங்கி நின்ற செய்தி இங்கிலாந்தில் உண்டு. நிக்கலஸ் சாண்டர்சன் என்பவர் பிறந்து ஓராண்டளவில் பெரியம்மையினால் கண்களை இழந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர அவருக்குப் பொருள் வசதி இல்லை. 1707ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் அவரை அங்கே அழைத்துச் சென்றார். மாணவராகப் பதிவு பெறாமலே அவர் ஆசிரியராகி, நியூட்டனின் நூற்பொருளை விளக்கிச் சொற்பொழிவு செய்யத் தொடங்கினார். ஒளியியலையும் அவர் கற்பித்தார். ஒளியையே கண்டறியாதவர் ஒளியின் விதிகளைக் கண்ணுள்ளவர்களுக்கு விளக்கினார். 1711ஆம் ஆண்டில், நியூட்டன் வகித்த அதே லூக்காசியன் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. பட்டம் பெறாதவரைப் பேராசிரியர் ஆக்குவது எப்படி என்ற தடை எழவே, ஆன் அரசியாரின் ஆணையால் அவருக்கு முதுகலைப் பட்டம் அளிக்கப்பட்டது. துளைகள் இட்ட பலகையில் பெரிய ஊசியும் சிறிய ஊசியும் செருகி, அவற்றின் இடத்தை விரலால் தடவிப் பெருங்கணக்குகளைப் போடும் ஒரு கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார்.

சாண்டர்சனுடைய கதையைச் சொல்லி, 'திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது' என்று முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தார்; அரசியார் ஒருவரின் ஆணை வாய்த்தது. வாய்க்காதவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆபிரகாம் நெமெத் என்பவர் 1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், ஹங்கேரி நாட்டிலிருந்து குடியேறிய எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. தந்தை பெரிய படிப்பாளி அல்லர், ஆனால் நல்லாசிரியர். மகனைக் கையைப் பிடித்து வீதியில் நடத்திச் செல்லும்போது, அஞ்சற் பெட்டியில் மேடாக வார்க்கப்பட்டிருக்கும் எழுத்துகளையும், தீயணைப்புக் குழாய்களில் உள்ள எழுத்துகளையும் தடவிப் பார்க்கச் செய்வார். இவ்வாறு கண்ணுள்ளவர்களின் எழுத்து வடிவங்கள் அவனுடைய விரல்களில் பதிந்துவிட்டன. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

நெமெத்துக்குக் கணக்கில் தீராத காதல். ஆனால் கல்லூரியில் சேர்ந்தபோது, வழிகாட்டும் பொறுப்பில் இருந்தவர்கள் 'கணிதம் பார்வையற்றவர்களுக்கு ஏற்றதன்று. எழுதிப் பார்க்க முடியாத பாடத்தை எவ்வாறு படிப்பாய்? உளவியல் படி, வேலை கிடைக்கும்' என்ற கருத்தில் அறிவுரை கூறினார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். அந்த இளைஞன் நல்வாழ்வு பெற வேண்டும் என்றே எண்ணினார்கள். நெமெத் அவர்கள் சொல்லுக்கு இணங்கினார். புரூக்ளின் கல்லூரியில் உளவியலில் பட்டமும், 1942ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பெற்றும் என்ன? எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. தலையணை உறை தைத்தார். கையால் செய்யும் சில்லறைப் பணிகள் பலவற்றைச் செய்தார். வேலை கிடைக்கும் என்பதற்காகத் திணிக்கப்பட்ட படிப்பு, அந்த வேலையையும் தரவில்லை.

இந்நிலையில் அவருடைய மனைவியார்தான் வழி காட்டினார். வேலையில்லாத உளவியலாராய் இருப்பதைக் காட்டிலும், வேலையில்லாத கணிதராய் இருந்தால் மனமாவது நிறையுமே என்ற பொருளில் அவர் கேட்டாராம். நெமெத் பகலில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்புகளில் கணிதப் பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து இளைஞர்கள் படைகளிலிருந்து கல்லூரிக்குத் திரும்பிய காலம் அது. மறந்துபோன கணக்கைப் புதுப்பித்துக்கொள்ள அவர்கள் திண்டாடினார்கள். நெமெத் ஊதியமின்றி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியே சொல்லிக் கொடுத்தார். அஞ்சற் பெட்டியில் தடவிய எழுத்துகள் இப்போது கைகொடுத்தன! இதனைக் கண்ட கல்லூரியார் அவரைப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்திக்கொண்டனர். 1955ஆம் ஆண்டு அவர் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1960களின் பிற்பகுதியில் தாமே கணினியியலைக் கற்று, அப்பல்கலைக்கழகத்தில் அப்பாடம் தொடங்கப்படுவதற்கும் காரணராயிருந்தார்.

அவருடைய பெயர் நிலைத்திருப்பது மற்றொரு செயலால். பிரெயில் முறையில் எண்களுக்கெனத் தனிக் குறிகள் இல்லை. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பத்து எழுத்துகளின் குறிகளே, முன்னால் ஓர் எண்குறியை இட்டால், எண்களாகிவிடும். கடிதம் எழுத இது போதும். ஆனால் எழுத்தும் எண்ணும் அடுக்கும் பின்னமும் கலந்து வரும் இயற்கணிதச் சமன்பாட்டில், எது எழுத்து, எது எண் என்று விரல் தடுமாறும். ஒவ்வோர் இடத்திலும் எண்குறி இட்டால் வரி நீண்டுவிடும். நெமெத் என்ன செய்தார்? பிரெயில் கட்டம் ஒன்றில் புள்ளிகள் மூன்று வரிசைகளில், வரிசைக்கு இரண்டாக இருக்கும். முதற் பத்து எழுத்துகள் மேல் இரண்டு வரிசைகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. கீழ் வரிசை சும்மா கிடக்கிறது. அதே வடிவங்களை ஒரு வரிசை கீழே இறக்கி, அவற்றை எண்களாக வைத்துவிட்டார். மேலே இருந்தால் எழுத்து. கீழே இருந்தால் எண். எவ்வளவு எளிய வழி பாருங்கள்! பின்னத்துக்கும் அடுக்குக்கும் வர்க்கமூலத்துக்கும் இவ்வாறே குறிகளை வகுத்தார். இம்முறை 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டில் பார்வையற்ற மாணவர்கள் உயர்கணிதமும் இயற்பியலும் கற்க அதுவே சாலையாக அமைந்தது. கணிதம் உனக்கு ஆகாது என்று திருப்பி விடப்பட்டவர், தமக்குப் பின்னால் வருபவர்களுக்காகப் போட்ட சாலை அது.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த ஊரில், பத்தாம் வகுப்பில் நன்கு தேறிய மாணவன் ஒருவன், தந்தையுடன் என் அறைக்கு வந்தான். அவனுக்குப் பார்வை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. முதல் வரிசையில் அமர்ந்தாலும் கரும்பலகைக்கு அருகே எழுந்து சென்றுதான் படிப்பான். ஆயினும் கணக்கில் வகுப்பிலேயே அவனுக்குத்தான் முதலிடம். பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவைக் கேட்டு விண்ணப்பம் எழுதியிருந்தான். நான் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, செய்முறைத் தேர்வு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, உனக்கு எதற்கு இந்தத் தொல்லை? வரலாற்றுப் பிரிவில் சேர்ந்துகொள். உதவித்தொகைக்கு நான் எழுதித் தருகிறேன்" என்றேன். அவன் தந்தையைப் பார்த்தான். தந்தை என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றான். விண்ணப்பத்தில் கணிதம் என்றிருந்ததை அடித்துவிட்டு வரலாறு என்று எழுதியது என்னுடைய பேனா.

நான் வரலாற்று ஆசிரியன். நான் உயிராக மதிக்கும் பாடத்தை, வேறொன்றும் ஆகாதவர்களை ஒதுக்கி வைக்கும் இடமாக அன்று நானே கருதியிருக்கிறேன் என்பது பல ஆண்டுகள் சென்றபின், நெமெத்தின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாணவன் பட்டம் பெற்று இன்று ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறான். வழியில் என் குரலைக் கேட்டால் நின்று வணக்கம் சொல்லுகிறான். அவனுக்கு என்மேல் வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

நிற்க. தனி மனிதர்களின் அறிவுரை இவ்வாறு இருந்தது என்றால், அரசாங்கப் பணத்தின் நிலை என்ன? அமெரிக்க நாட்டில், முதல் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்க 1918ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம் அவ்வுதவியைப் பொதுமக்களுக்கும் நீட்டியது. நல்ல சட்டந்தான், பலர் அதனால் கல்லூரிக்கும் தொழிற்கூடத்துக்கும் சென்றார்கள். ஆனால் அதில் ஓர் நிபந்தனை உள்ளே இருந்தது. படித்தபின் வேலைக்குப் போகக்கூடியவர் என்று அதிகாரிகள் நம்பினால்தான் பணம் கிடைக்கும். 'இவரால் வேலை செய்ய இயலாது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு மூடப்படும். முன்கூட்டியே தீர்ப்பெழுதும் இவ்வழக்கத்தை உடைத்தவர் எட் ராபர்ட்ஸ்.

இவர் கலிபோர்னியா மாநிலத்தவர். 1953ஆம் ஆண்டு, பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய உடல் முழுவதும் செயலற்றது. தாமாக மூச்சு விடவும் இயலாமையால், 'இரும்பு நுரையீரல்' எனப்படும் பெரிய உருளைக்குள் படுத்தே இரவைக் கழிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பாடத்தை அவர் எவ்வாறு படித்தார் தெரியுமா? வகுப்பறைக்கும் அவருடைய வீட்டுக்கும் தொலைபேசிக் கம்பி இணைத்து, ஆசிரியர் பேசுவதைப் படுக்கையிலிருந்தே கேட்டார். அண்மைக் காலத்தில் கொள்ளை நோய் பரவிய நாளில் நீங்கள் கைப்பேசியில் பாடம் கேட்டீர்கள் அல்லவா? அதனை அவர் 1950களிலேயே செய்துவிட்டார். ஆனாலும் பள்ளி முடிவில் சான்றிதழ் தர மறுத்தார்கள். காரணம் என்னவென்றால், உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லையாம்! அவருடைய தாயார் விடாமல் போராடிச் சான்றிதழைப் பெற்றார். விதி என்பது எழுத்தில் ஒன்றாகவும், அறிவோடு கையாளும்போது வேறொன்றாகவும் இருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கு அறிவோம்.

இரண்டாண்டுகள் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் பயின்றபின், ராபர்ட்ஸ் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினார். மாநில மறுவாழ்வுத் துறையிடம் உதவித்தொகை கேட்டார். அவர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை என்று சொல்லித் துறை மறுத்துவிட்டது. செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபிறகே இறங்கி வந்தது. பல்கலைக்கழகத்திலும் சிக்கல். இரும்பு நுரையீரலைத் தாங்கும் அறை மாணவர் விடுதியில் இல்லை. மாணவர் நலத்துறையின் மருத்துவர் ஒருவர், வளாகத்து மருத்துவமனையில் காலியாக இருந்த பகுதியை விடுதியாகப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார். இவ்வாறு 1962ஆம் ஆண்டில் ராபர்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஆனார். அவரைக் கண்டு வேறு பலரும் வந்தார்கள். 1960களின் முடிவில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் அம்மருத்துவமனை மாடியில் தங்கிப் படித்தார்கள். 'உருளும் நாற்கைகால் வாதத்தார்' என்று பொருள்படும் ஒரு பெயரைத் தங்களுக்கு வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டு, நடைமேடைகளுக்குச் சாய்தளம் வேண்டும், தேர்வுக்கு எழுதுபவர் வேண்டும், சக்கர நாற்காலி பழுதானால் உடனே சீர்செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். 1970ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்திலேயே அவர்களுக்கென ஓர் உதவித் துறை அமைந்தது. 1972ஆம் ஆண்டில் நகர மக்களுக்கும் பயன்படும் தன்னிச்சை வாழ்வு மையம் ஒன்று பெர்க்லியில் எழுந்தது. கணினி நிரல் எழுத மாற்றுத்திறனாளிகளைப் பழக்கி வேலைக்கு அனுப்பும் பயிற்சியையும் அம்மையம் நடத்தியது. ராபர்ட்ஸ் பயின்றது அரசியல் அறிவியல்தான். ஆனால் தொழில்நுட்பம் கற்க வந்தவர்களும் அவர் திறந்த கதவின் வழியேதான் நுழைந்தார்கள்.

1970களின் இடையில் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரௌன், ராபர்ட்ஸை ஒரு பதவியில் அமர்த்தினார். எந்தப் பதவி? வேலைக்கு ஆகாதவர் என்று அவரை மறுத்த அதே மறுவாழ்வுத் துறையின் இயக்குநர் பதவி! கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள்.

1973ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் ஒன்றில் 504ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும், தகுதியுள்ள ஒருவரை அவருடைய உடற்குறை காரணமாக விலக்கக்கூடாது என்பது அதன் சாரம். கல்லூரிகள் பெரும்பாலும் அரசுப் பணம் பெறுவன; எனவே கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் நான்காண்டுகள் வெளிவரவே இல்லை. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவில் உள்ள அரசு அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து அமர்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ 150 பேர், மூன்று வாரங்களுக்கும் மேலாக, அங்கேயே தரையில் உறங்கினார்கள். மூச்சுக் கருவியும் மருந்தும் இன்றி ஓர் இரவும் கழிக்க இயலாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஏப்ரல் 28ஆம் நாள் விதிகள் கையெழுத்தாயின. அன்று முதல் உதவித்தொகை மட்டும் போதாது; கட்டடமும் நூலும் தேர்வும் மாணவருக்கு ஏற்றவாறு அமைய வேண்டும் என்பது சட்டமாயிற்று.

இத்தகையவர்களைப் படிக்க வைப்பதால் பிறருக்கு என்ன பயன் என்று கேட்பவரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு கதை. தொலைபேசியை 1876ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த கிரகாம் பெல், காது கேளாதோரின் ஆசிரியர். ஆயினும் அக்கருவி காது கேளாதோருக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் பயன்படாமலே இருந்தது. 1964ஆம் ஆண்டில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் இயற்பியலறிஞர், தட்டச்சுத் தந்திக் கருவியின் குறிகளை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பவும், மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்கவும் ஒரு கருவி அமைத்தார். வைட்பிரெக்ட் தாமே பிறவியில் காது கேளாதவர், பெர்க்லியில் பயின்றவர். தொலைபேசியின் கைப்பிடியைக் கருவியின் மேல் வைத்தால் போதும். இதனையொத்த கருவிகளின் வழியாகவே பிற்காலத்தில் கணினிகளும் தொலைபேசிக் கம்பியில் ஒன்றோடொன்று பேசின.

நம் நாட்டுக்கு வருவோம். பலமொழிகள் வழங்கும் பாரத நாட்டில் மொழிக்கொரு பிரெயில் என்றிருந்த குழப்பம், 1951ஆம் ஆண்டளவில் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்ததும் நீங்கியது. தமிழ்ப் பிரெயிலும் அதில் அடங்கும். கணினித் துறையில் நாம் பெருமையோடு சொல்லத்தக்க பெயர் டி. வி. ராமன். புனே நகரில் வளர்ந்த இவர், கண்ணழுத்த நோயால் பதினான்காம் வயதில் பார்வையை முற்றும் இழந்தார். உடன்பிறந்தாரும் மற்றவர்களும் நூல்களை வாசித்துக் காட்டக் கேட்டே படித்தார். புனேயில் கணிதப் பட்டமும், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே அவர் செய்த ஆய்வுப் பணி, கணித வளைவுகளைக் காதால் கேட்டறியச் செய்யும் ஒரு நிரல். வரைபடம் பார்க்க முடியாதே என்று என் மாணவனிடம் நான் சொன்னேன் அல்லவா? வரைபடத்தை ஒலியாக்கிவிட்டார் இவர்! பின்னர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அறிவியல் நூல்களைச் சமன்பாடுகளோடு சேர்த்துக் குரலாக வாசிக்கும் முறையை ஆராய்ந்து 1994ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேடு கணினியறிஞர் கழகத்தின் பரிசையும் பெற்றது. அந்த முறைக்கு 'ஆஸ்டர்' என்று தம்முடைய வழிகாட்டி நாயின் பெயரையே இட்டார்.

ராமன் வழி கண்டார் என்பதால் எல்லாருக்கும் வழி திறந்துவிடவில்லை. ஆந்திர நாட்டைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் பொல்லா என்னும் பார்வையற்ற மாணவர், பத்தாம் வகுப்புக்குப்பின் அறிவியல் படிக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அனுமதி பெற்றுப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். திரும்பி வந்து தொழிலகம் அமைத்து, தம்போன்றோர்க்கு வேலை கொடுத்தார். இது நடந்தது வெகு காலத்துக்கு முன்பன்று, இருபத்தோராம் நூற்றாண்டில்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் நூற்றுக்கு 3 இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், உயர்கல்வியில் அதனைக் குறைந்தது 5 ஆக்கியது. வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வும் தந்தது. குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. முன்னைய சட்டத்துக்கும் இதற்கும் இடையே, 2007ஆம் ஆண்டில், உலக நாடுகளின் பேரவை வகுத்த உடன்படிக்கைக்கு இந்தியா இசைவு தந்திருந்தது.

பொறியியலும் தொழில்நுட்பமும் பயில்வோருக்கென்றே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 'சக்ஷம்' என்னும் உதவித்தொகையை ஏற்படுத்தியிருக்கிறது. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத குறைபாடு உடையவராய், அக்குழுவின் ஏற்புப் பெற்ற கல்லூரியில் பட்டமோ பட்டயமோ பயில்பவராய் இருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். இதனைக் கல்லூரிக் கட்டணத்துக்கும், கணினி வாங்கவும், நூல்களுக்கும், கருவிகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் இப்போது விலையின்றியே கிடைக்கின்றன. வெளிநாடுகளில் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியதுண்டு. கூகிள் நிறுவனம் லைம் என்னும் அமைப்போடு சேர்ந்து, கணினியியல் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அமெரிக்காவில் 10,000 டாலர் வீதம் அளித்தது.

இத்தொகைகளைப் பற்றிக் கல்லூரி அலுவலகங்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை என்பது என் அனுபவம். உங்கள் வகுப்பில் தகுதியுள்ள நண்பர் இருந்தால், மருத்துவச் சான்றிதழ் பெற அரசு மருத்துவமனைக்கும், வருமானச் சான்றிதழ் பெற வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அவரோடு ஒருமுறை போய் வாருங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் முடியாது. இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். அலுவலகம் மாடியில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்க நேர்ந்தால், பாடப்பிரிவு என்னும் கட்டத்துக்கு வரும்போது பேனாவை நிறுத்தி, என்ன எழுத வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.